பிடரியில் ஒரு மச்சம்

ஜப்பான்காரன் பயமுறுத்தியது சென்னைப் பட்டணத்தை. திருத்தணியைப் பயமுறுத்தியவர் வேறொருவர். அவரிடம் விமானம் இல்லை, குண்டு இல்லை. அணில் மயிரில் தானே கட்டிக்கொண்ட மூன்று பிரஷ்கள் இருந்தன. அவர் கடைத்தெருவின் கீழ்முனையில் தலை காட்டினால் மேல்முனைவரை துண்டுகள் முகத்துக்கு ஏறும். மேகமூட்டமான நாளிலும் குடைகள் விரியும். விரிந்த குடை தலைக்கு மேல் போகாது, முகத்துக்கு நேரே நிற்கும். மொட்டை போட வந்த வெளியூர் பக்தர்கள், இது இந்தத் தலத்து வழக்கம் போலும் என்று தாங்களும் முகத்தை மூடிக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஊர் அவரை அழைத்த பெயர் 'அங்க அடையாளம்'. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவரும் மற்றவர்களைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டார்.

"இன்னா, வலது புருவத்து மேல வெட்டுக் காயம், சௌக்கியமா?" என்பார். "இடது தாடையில மரு! உன் வண்டிக்குப் பேர் எளுதி ஆறு மாசம் ஆவுது. சாயம் நிக்குதா?"

அந்தப் பட்டப்பெயர் அவருக்கு வந்ததற்குக் காரணம் நான். அதனால் அவரைப் பற்றி எழுதும் கடமையும் எனக்கு உண்டு.

நாற்பத்திரண்டாம் வருஷம் சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. கடற்கரைப் பக்கம் இருந்த ஆபீஸ்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் நகர்ந்தன. எங்கள் ஆபீஸில் கும்பினியார் காலத்து ஜெயில் ரிஜிஸ்தர்கள் இருந்தன. அவற்றை மரப்பெட்டிகளில் அடைத்து, கூட்ஸ் வண்டியில் ஏற்றித் திருத்தணிக்கு அனுப்பினார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் ரயிலில் நிற்க இடமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், தூக்கில் தொங்கி நூறு வருஷம் ஆனவர்கள் தனி வேகனில் வந்து இறங்கினார்கள். அவர்களோடு நான் வந்தேன். மலையடிவாரத்தில் சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம் எங்கள் ஆபீஸ் ஆயிற்று. இரண்டு குமாஸ்தாக்கள், ஒரு பியூன், ஒரு சூப்பிரண்டு.

சூப்பிரண்டு பயப்படாத பொருள் உலகத்தில் இல்லை. கரையானுக்குப் பயந்தார், தீக்குச்சிக்குப் பயந்தார், மேலிடத்திலிருந்து வரும் நீளமான கவருக்குப் பயந்தார். எல்லாவற்றையும்விட விமானத்துக்குப் பயந்தார். அரக்கோணத்தில் புதிதாக விமானத் தளம் போட்டிருந்தார்கள். அங்கிருந்து நம்முடைய விமானம் எழும்பினாலும் இவர் மேஜைக்கு அடியில் போய்விடுவார். தலையை முழங்கால்களுக்கு நடுவில் செருகி, காதில் பஞ்சு, பல்லுக்கு நடுவில் ரப்பர் துண்டு. தலைப்பாகை கழன்று உருண்டு பியூனின் காலடிக்கு வரும். அவன் அதை எடுத்துத் தட்டி வைத்துக்கொண்டு நிற்பான். சத்தம் ஓய்ந்ததும் மேஜைக்கு அடியிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: "போயிடுத்தா?"

தினமும் காலையில் எங்களை நிற்கவைத்து ஓர் உத்தரவை வாசிப்பார். வெளியாள் ஒருவன் இந்தப் பெட்டிகளுக்குள் இருக்கும் காகிதத்தைப் பார்த்தால், பார்க்க விட்டவனுக்கு வேலை போகும். யுத்தகாலச் சட்டப்படி ஜெயிலும் உண்டு. அந்த உத்தரவை நான் மனப்பாடமாகச் சொல்வேன். என் அக்கா புருஷனை இழந்தவள். மூன்று குழந்தைகளோடு பட்டணத்திலிருந்து ஓடிவந்து மணவூரில் ஓர் அறையில் இருந்தாள். அந்த நாலு வயிற்றுக்கும் என் வேலை ஒன்றுதான். ஜெயில் என்ற சொல்லைச் சூப்பிரண்டு உச்சரிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணவூர் அறைதான் கண்ணில் தெரியும்.

வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டதால் பெட்டிகளின் மேல் இருந்த நம்பர்கள் அழிந்துபோயிருந்தன. அவற்றைத் திரும்ப எழுத ஓர் ஆள் வேண்டும். சூப்பிரண்டு தன் கையெழுத்தோடு ஒரு சீட்டு அனுப்பி ஊர் போர்டுக்காரரை வரவழைத்தார். காபி கிளப் போர்டு, மாட்டுவண்டிப் பெயர், நாடகப் படுதா எல்லாம் அந்த ஊரில் அவர் கைவேலை. ஒடிசலான ஆள், ஐம்பது வயதிருக்கும், வேட்டியில் ஏழு வர்ணம்.

"பெட்டியை மட்டும் எழுதணும். உள்ளே எட்டிப் பார்த்தீரோ, தொலைஞ்சீர்" என்றார் சூப்பிரண்டு.

"எனக்கு உள்ள இன்னாங்க வேலை?" என்றார் போர்டுக்காரர்.

அழகாக எழுதினார். ஒவ்வொரு நம்பரும் கல்யாணத்துக்குப் புறப்பட்ட மாதிரி இருந்தது. ஆனால் ஆறாம் பெட்டியைத் தலைகீழாக வைத்துக்கொண்டு எழுதிவிட்டார். பெட்டியை நிமிர்த்தினால் அது ஒன்பது. ஒன்பது ஏற்கெனவே ஒன்று இருந்தது.

"அண்ணா, இது ஆறு. ஒன்பது அங்கே இருக்கிறது" என்றேன்.

"ரெண்டும் ஒரே ஆளுதானே நைனா? ஒருத்தன் நிக்கிறான், ஒருத்தன் தலகீளாக் கீறான்."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஊரின் அத்தனை போர்டுகளையும் எழுதிய மனிதருக்குப் படிக்கத் தெரியாது. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அதைப் பார்த்து, பூவை வரைகிற மாதிரி எழுத்தையும் வரைந்துவிடுவார். கொம்பு, கால், சுழி, 'ளை', 'னை' எழுத்துகளின் தும்பிக்கை எல்லாம் அவருக்குத் தெரியும். அவை சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது தெரியாது.

"யாருக்கும் சொல்லாத நைனா. தொழிலு படுத்துக்கும்" என்றார். நான் சொல்லவில்லை.

பெட்டி வேலை முடிந்தும் அவர் வருவது நிற்கவில்லை. வர்ணம் காய்ந்ததா பார்க்க வந்தேன் என்பார். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து மனத்தில் இருந்ததைச் சொன்னார்.

அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் ஒரு நாடகக் குழு வைத்திருந்தார்கள். ஐப்பசி சஷ்டிக்குச் சூரசம்ஹார நாடகம் போடப்போகிறார்கள். அசுர சேனை நிற்கிற மாதிரி ஒரு படுதா வேண்டும் என்று, தங்கள் தறியில் நெய்த முரட்டுத் துணியையே தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

"அசுரன் மூஞ்சி எப்பிடி இருக்கும் நைனா?"

"கொம்பு, கோரைப்பல் வைத்து வரைவார்களே."

"கொம்பு எளுத்துக்கு வேணும். அசுரனுக்கு எதுக்கு? மாட்டுக்குங்கூடத்தான் கொம்பு கீது, அது இன்னா பாவம் பண்ணுச்சு? எனக்கு நெசமாவே கெட்டவன் மூஞ்சி வேணும். நான் பாத்தவன் எல்லாம் நல்லவனாவே கீறான், இல்லாட்டி அரைவாசியாக் கீறான்." குரலைத் தாழ்த்திப் பெட்டிகளைக் காட்டினார். "பியூன் சொன்னான். இதுக்குள்ள தூக்குல போட்டவனுங்களோட ஜாடை எல்லாம் எளுதி வெச்சிருக்குதாமே."

நான் வாசலைப் பார்த்தேன். சூப்பிரண்டு தபால் ஆபீஸுக்குப் போயிருந்தார். தினம் இரண்டு மணிக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புவார். எதற்காகச் சம்மதித்தேன் என்று இன்றும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. மூன்று மாதமாகப் பயத்தை மட்டுமே பேசுகிறவர்கள் நடுவில் இருந்தேன். மூஞ்சியைப் பற்றிப் பேசுகிற ஒருவர் வந்தார். அவ்வளவுதான்.

அன்று முதல் தினமும் ஒரு மணி நேரம். ரிஜிஸ்தர் இங்கிலீஷில் இருக்கும். நான் மடியில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லுவேன். சூப்பிரண்டு திரும்பி வருவது தெரியவேண்டும் என்பதற்காக வாசலைப் பார்த்து உட்காருவேன். போர்டுக்காரர் எனக்குப் பின்னால் பெட்டி மேல் உட்கார்ந்து கேட்பார்.

"நம்பர் நூற்றுப் பதினெட்டு. நிறம், மாநிறம். மூக்கு, வளைந்தது. அங்க அடையாளம், இடது காதின் கீழ்நுனி இல்லை. குற்றம், பஞ்சத்தில் தானிய வண்டியை மறித்தது. தண்டனை, தூக்கு."

"கண்ணு?"

"கண்ணைப் பற்றி எழுதவில்லை."

"கண்ண எளுதாம இன்னா மூஞ்சி எளுதுனான் அந்த வெள்ளக்காரன்?"

"தப்பி ஓடினால் பிடிப்பதற்காக எழுதியது அண்ணா. அடையாளம் போதும்."

"அப்போ அவன் இவன் மூஞ்சியவே பாக்கல" என்றார். "இவன் எப்போ ஓடுவான்னு பாத்துகினு இருந்தான்."

குற்றங்களைக் கேட்கக் கேட்க அவருக்கு ஏமாற்றம். ஒருவன் ஆடு திருடியவன். ஒருவன் தாசில்தாரைப் பிடித்துத் தள்ளியவன். "இவனுங்களா அசுரன்? எங்க தெருவுலயே பத்துப் பேரு கீறானுங்களே" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் அங்க அடையாளம் என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டது. அதை வாயில் போட்டு மென்றுகொண்டே தெருவில் நடந்தார். எதிர்ப்பட்டவர் முகத்தில் எல்லாம் அதைத் தேடினார். பட்டப்பெயர் அந்த வாரமே வந்துவிட்டது.

சத்திரத்தை ஒட்டிய வண்டிக் கொட்டகையில் படுதாவைக் கட்டி வரைந்தார். ரிஜிஸ்தர் கொடுத்தது மூக்கும் தழும்பும் மட்டும். கண்கள் வேண்டுமே? ஊரில் இருந்து எடுத்தார். நூற்றுப் பதினெட்டின் அறுந்த காதுக்குப் பக்கத்தில் வண்டிக்காரர் ஒருவரின் கண்களை வைத்தார். இன்னொரு அம்மைத் தழும்பு முகத்துக்கு நாவிதரின் கண்கள். வரைந்து முடித்த ஒவ்வொரு முகத்துக்கும் கீழே அதன் நம்பரைப் பூப்போல் வரைந்தார். ரிஜிஸ்தரைப் பார்த்து வரைந்ததுதான். "பேரு இல்லாம நிக்கவெச்சா பாவம்" என்றார்.

முதலில் பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். "டேய் பாவா, உன்னை அசுரனாக்கிட்டாரு பாரு!" என்று வண்டிக்காரரை இழுத்துவந்து காட்டினார்கள். அவரும் சிரித்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் மலைப் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். அதற்கடுத்த வாரம் நாவிதருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. அத்தோடு சிரிப்பு நின்றது.

படுதாவில் இருக்கிறவர்கள் எல்லாம் தூக்கில் போனவர்கள் என்று பியூன் யாரிடமோ சொன்னான். சஷ்டியன்று அம்மையார்குப்பத்தில் வேல் பாயும்போது கண் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் முடிவு என்று வெற்றிலைக்கடைக்கார அம்மாள் கணக்குப் போட்டுச் சொன்னாள். யாரை அங்க அடையாளம் உற்றுப் பார்க்கிறாரோ அவர் கண் படுதாவுக்குப் போகும். அடையாளம் தெரிந்தால்தானே உற்றுப் பார்ப்பார்? மச்சத்தின் மேல் சுண்ணாம்பை வைத்து மறைத்துவிட்டால்? அந்த யோசனையும் வெற்றிலைக்கடையிலிருந்துதான் வந்தது. சுண்ணாம்பு அவளிடம்தான் இருந்தது. நாலு நாளில் பாதி ஊர் முகத்தில் வெள்ளைப் பொட்டோடு நடந்தது. மரு இருந்த இடத்தில் பொட்டு, தழும்பு இருந்த இடத்தில் கோடு. ஒன்றுமில்லாதவர்களும் முன்ஜாக்கிரதையாக ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு முகவாயில் ஒரு தழும்பு உண்டு. மூடநம்பிக்கை இல்லாதவன் என்று என்னைப்பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகையால் சின்னப் பொட்டாக வைத்துக்கொண்டேன்.

"அண்ணா, என்னை மட்டும் வரைய வேண்டாம்" என்று கேட்டேவிட்டேன்.

"உன் மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? நீ எப்பவும் வாசலயே பாத்துகினு கீறே."

மறுநாள் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். கடைசி வரிசையில், எல்லா அசுரர்களும் முகத்தைக் காட்டி நிற்கையில், ஒருவன் மட்டும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். ஒடுங்கிய தோள். மடியில் ஏதோ வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். அவனுக்கு நம்பர் இல்லை. அதற்கு மேல் கிட்டே போய்ப் பார்க்கவில்லை.

ஊர் முழுக்க வெள்ளைப் பொட்டு ஏறியதை ஹெட் கான்ஸ்டபிள் கவனித்தார். விமானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ஜனங்கள் முகத்தில் குறி வைத்துக்கொள்கிறார்கள் என்று மேலே எழுதினார். சர்க்கிள் இன்ஸ்பெக்டர் வந்தார். பொட்டைத் தொடர்ந்து போனவர் படுதாவுக்கு வந்து சேர்ந்தார். நாற்பது முகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எதிரி வந்து இறங்கினால் யார் யாரைப் பிடிக்கவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஜாபிதா வேண்டுமா?

அங்க அடையாளத்தைக் கையைக் கட்டி அழைத்துவந்தார்கள். அதே கை எழுதிய நம்பர்கள் எங்கள் பெட்டிகளிலும் இருந்ததாலும், படுதாவில் இருப்பவர்கள் எங்கள் ரிஜிஸ்தரில் இருப்பவர்கள் என்று ஊரே பேசியதாலும், விசாரணை எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. காலை பதினோரு மணி. படுதாவை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுண்ணாம்புப் பொட்டு முகங்கள்.

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவே இல்லை. சத்தம் போடாத போலீஸ்காரரை அன்றுதான் முதலில் பார்த்தேன். சத்தம் போடுகிறவர்களே மேல் என்று தோன்றியது.

"யாருக்காக வரைஞ்சே?"

"அம்மையார்குப்பம் நாடகக்காரங்களுக்குங்க."

"நாடகத்துக்கு எதுக்கு நம்பர்?"

"எதுங்க நம்பர்?"

"முகத்துக்குக் கீழே இருக்கிறது."

"அதுவா? அது அவங்க பேருங்க."

"படிக்கத் தெரியாதவன் மாதிரி நடிக்காதே. ஊர் போர்டெல்லாம் நீ எழுதினது."

"எளுதத் தெரியுங்க. படிக்கத்தான் தெரியாது."

நாற்காலியில் சாய்ந்திருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து ஒரு காகிதத்தை எடுத்தார். ஒரு வரி எழுதினார். அதைப் படிக்கிறவன் முகம் மாறாமல் இருக்க முடியாது என்பது அவர் கணக்கு. பக்கத்தில் நின்ற எனக்கு அது தெரிந்தது: 'நாளைக் காலையில் உன்னைத் தூக்கில் போடப் போகிறோம்.'

கட்டை அவிழ்த்துக் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அங்க அடையாளம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தார்.

"இது யாரு எளுத்துங்க?"

"என்னுடையது."

"கோச்சுக்காதீங்க. மொத எளுத்துக்குக் கால் நொண்டுது. ரெண்டாவதுக்குத் தும்பிக்கை தூங்கிகினு கீது. யானைன்னா தும்பிக்கையத் தூக்கிகினு நிக்கணும் இல்லீங்களா? இதோ நடுவுல ஒண்ணு, வால அறுத்துக்கினு நிக்குது. பெரிய உத்தியோகத்துல கீறீங்க, எளுத்து இப்பிடி இருந்தா நல்லாவா கீது? பிரஷ்ஷக் குடுங்க."

யாரும் தடுக்கவில்லை. ஒரு பெட்டிப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு எழுதினார். தும்பிக்கையைத் தூக்கி நிறுத்தினார். வாலை நீட்டி வளைத்தார். சுற்றிலும் கொடியும் நாலு மூலைக்கு நாலு தாமரையும் போட்டார். பலகையைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். நாளைக் காலையில் உன்னைத் தூக்கில் போடப் போகிறோம்.

"இன்னாங்க, இப்போ நல்லாக் கீதா?"

பியூன் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நல்லாக் கீது நைனா, ரொம்ப நல்லாக் கீது" என்றான்.

இன்ஸ்பெக்டர் நெடுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையசைத்தார். "சரி. இவனுக்குப் படிக்கத் தெரியாது." எனக்கு உடம்பு லேசாயிற்று. அது ஒரு நொடிதான். "அப்படியானால் வேறு யாரோ இந்த ரிஜிஸ்தர்களை இவனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்."

சூப்பிரண்டு எங்கள் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன்.

"யார் படிச்சது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மூஞ்சி பாக்கலைங்க. அவரு எனக்கு முதுகக் காட்டிகினுதான் படிப்பாரு."

"யாருடைய முதுகு?"

"அதோ, அந்த முதுகுதாங்க." படுதாவின் கடைசி வரிசையைக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து போய்க் குனிந்து பார்த்தார். "கழுத்துக்குப் பின்னால் இது என்ன, கறையா?"

"இல்லீங்க. பிடரியில ஒரு மச்சம். பட்டாணி அளவு. அங்க அடையாளம்."

அந்த நிமிஷம் அவரை நான் வெறுத்தேன். மணவூர் அறை கண்முன் வந்தது. அக்கா வாசலில் நிற்கிறாள், யாரோ அவளிடம் விஷயத்தைச் சொல்கிறார்கள். எனக்குப் பிடரியில் மச்சம் உண்டா? இருபத்து மூன்று வயதுவரை அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. தன் பிடரியைத் தானே பார்த்தவர் யார்? உண்டு என்றுதான் தீர்மானித்தேன். அவர் ஒரு மச்சத்தையும் தப்பாகப் பார்த்ததில்லை.

"எல்லாரும் சுவரைப் பார்த்து நில்லுங்கள். காலரை இறக்குங்கள்."

முதலில் பியூன். பிறகு இன்னொரு குமாஸ்தா. பிறகு நான். இன்ஸ்பெக்டரின் விரல் என் சட்டைக் காலரை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தது. விரல் குளிர்ந்திருந்தது. சுவரில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அது உத்தரத்துக்கே போய்ச் சேர்ந்த மாதிரி தோன்றியது.

"அடுத்தது" என்றார்.

எனக்கு அடுத்ததாக யாரும் இல்லை. அதற்கு மேல் யோசிக்க முடியாமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அரக்கோணத்துப் பக்கமிருந்து விமானம் வந்தது. சத்திரத்து ஓடுகள் அதிர்ந்தன. திரும்பிப் பார்த்தேன். தலைப்பாகை பியூனின் காலடிக்கு உருண்டு வந்துகொண்டிருந்தது. சூப்பிரண்டு மேஜைக்கு அடியில் முழங்கால்களுக்கு நடுவே தலையைச் செருகியிருந்தார். கோட்டுக் காலர் இறங்கி, சிவந்த பிடரி முழுசாக வெளியே தெரிந்தது. அதன் நட்ட நடுவில், பட்டாணி அளவில், ஒரு மச்சம்.

இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்தார். படுதாவைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். சூப்பிரண்டு அந்தஸ்தில் அவருக்கு மேலே. நம்பர் எழுத ஆளை வரவழைத்த சீட்டிலும் சூப்பிரண்டின் கையெழுத்தே இருந்தது. விமானச் சத்தம் தேய்ந்து ஓய்ந்தது.

மேஜைக்கு அடியிலிருந்து குரல் வந்தது: "போயிடுத்தா?"

"போயிடுச்சு சார்" என்றார் இன்ஸ்பெக்டர். காகிதங்களை அடுக்கி, பேனாவை மூடினார். "எல்லாம் போயிடுச்சு. நானும் போறேன்."

அங்க அடையாளத்தை விட்டுவிட்டார்கள். ஆனால் ஜன்னலில் இருந்தவர்கள் கலையவில்லை. கட்டுப்போட்ட காலோடு இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டிருந்த வண்டிக்காரர் கம்பி வழியாகக் கத்தினார்: "யோவ் அங்க அடையாளம்! சர்க்காருக்குச் சரி. நாங்க சஷ்டிக்குச் சாவணுமா, வேணாமா? அதச் சொல்லிட்டுப் போ!"

"நீ எதுக்குச் சாவுறே?"

"அசுரனா வரைஞ்சு வெச்சிருக்கியே!"

அங்க அடையாளம் அந்த ஆளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏன் நைனா, நீ எந்த ஊர்ல பொறந்தே? ஊர் ஊரா சஷ்டிக்குச் சூரனக் கொல்றாங்க. நம்ம ஊர்ல கொல்றாங்களா?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மைதான். சூரனை வென்ற முருகனின் கோபம் தணிந்த இடம் என்பதால்தான் அது தணிகை. மற்ற கோயில்களில் சூரன் தலை விழுகிற நாளில் எங்கள் மலையில் சுவாமிக்குப் பூவைக் கொட்டுவார்கள், அவ்வளவுதான்.

"கோவம் தணிஞ்ச ஊர்ல வரைஞ்ச அசுரன எந்த வேலும் தொடாது" என்றார். "தூக்குல போனவனுங்க கதையக் கேட்டுக் கேட்டு எனக்கே ரெண்டு வேளை சோறு எறங்கல. எங்கனா ஒரு எடத்துல இவனுங்க சாவாம நிக்கட்டுமேன்னு இங்க நிக்கவெச்சேன். தொணைக்கு ஊர்க்கண்ண வெச்சேன். இதுக்குப்போய் மூஞ்சில சுண்ணாம்பத் தடவிகினு..."

வண்டிக்காரர் மெதுவாகத் தன் தாடையைத் துடைத்துக்கொண்டார்.

சஷ்டியன்று பாதித் திருத்தணி அம்மையார்குப்பத்துக்கு வண்டி கட்டிப் போயிற்று. முருகன் வேஷக்காரர் அட்டை வேலை எறிந்தார். அது படுதாவில் பட்டு, வண்டிக்காரரின் கண்களுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கூட்டத்தில் நாற்பது பேர் தங்கள் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். எல்லாரும் இருந்தார்கள். நாவிதர் எழுந்து நின்று கை தட்டினார்.

பயம் குறைந்தபின் பெட்டிகளைத் திரும்பச் சென்னைக்கு ஏற்றினோம். ஆறும் ஒன்பதும் அப்போதும் குழப்பம்தான். ஸ்டேஷனுக்கு அவரும் வந்திருந்தார். நான் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்து உட்கார்ந்தேன்.

"அண்ணா, அந்த மச்சம்..."

"உன் பிடரியில ஒண்ணுமே இல்ல நைனா. தெனம் ஒரு மணி நேரம் பாத்திருக்கேன். வெறும் பயம்தான் இருந்துது. பயத்த எப்பிடி வரையிறது? சும்மா வுட்டா மொட்டையா இருந்துது. உங்க பெரியவரு மேசைக்கு அடியில போவும்போது அவருது நல்லா அளகா இருந்துது. அத எடுத்து உனக்கு வெச்சேன்."

"மாட்டிக்கொண்டால் என்ன ஆவது என்று யோசித்து வைத்தீர்களா, சும்மா வைத்தீர்களா?"

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "முகவாயில தளும்பு" என்றார். "வண்டி கெளம்பப் போவுது, ஏறு."

பிறகு நான் குமாஸ்தா வேலையை விட்டுப் பத்திரிகை ஆபீஸில் சேர்ந்தேன். ஓர் ஊரின் பெயரில் ஓர் எழுத்துத் தப்பினாலும் மறுநாள் திருத்தம் போடவைக்கிறவன் என்று எனக்கு அங்கே கெட்ட பெயர் உண்டு. பாஸ்போர்ட்டிலிருந்து பென்ஷன் பாரம்வரை, அங்க அடையாளம் என்று கேட்கிற இடத்தில் மட்டும், 'பிடரியில் ஒரு மச்சம்' என்று எழுதுகிறேன். இதுவரை எந்த அதிகாரியும் காலரை இறக்கிப் பார்க்கவில்லை. அது பொய்த் தகவல் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மட்டும் திருத்தம் போட மனம் வரவில்லை.